கொரோனா, அரசு, நம்பிக்கை: டெல்லித் தமிழ் மாணவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

டெல்லியில் அரசியல் அறிவியல் பாடம் எடுக்கிறேன். வகுப்பறையில், முனீர்க்கா டீக்கடையில், ஆர்.கே. புரம் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழா முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது என எங்கே போனாலும் கொரோனா காலத்து அரசுகளைப் பற்றி அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. சிலருக்கு ப்ராஜெக்ட், சிலருக்குப் பழைய கோபம், பெற்றோருக்குக் கவலை. ஒவ்வொருவருக்கும் வாட்ஸப்பில் ஆடியோ அனுப்பி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன். கேட்டவர்கள் கேட்டபடியேதான் கேள்விகள், பெயர் போடவில்லை.

அக்கா, "அரசியல் நிறுவனங்கள்"னா கட்சிகளா? எதையெல்லாம் சேர்க்கணும்?

கட்சி அதில் ஒன்றுதான். நாடாளுமன்றம், சட்டமன்றம், மத்திய மாநில அமைச்சரவைகள், நீதிமன்றங்கள், தேர்தல் ஆணையம், போலீஸ், மாநகராட்சி எல்லாமே இந்தக் கணக்கில் வரும். கொரோனா வந்ததும் இன்னும் சில சேர்ந்துகொண்டன: மாலை 4 மணிக்கு டிவியில் எண்ணிக்கை வாசித்த சுகாதார அமைச்சகம், ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உத்தரவுகள் போட்ட உள்துறை அமைச்சகம்.

இவற்றைத் தனித்தனியாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. டெல்லி சிஎஸ்டிஎஸ் என்ற சமூக ஆய்வு நிறுவனத்தின் லோக்நீதி கருத்துக்கணிப்புக் குழு பல ஆண்டுகளாக இப்படிப் பிரித்துக் கேட்டுவருகிறது. ராணுவமும் உச்ச நீதிமன்றமும் மேலே, போலீஸும் கட்சிகளும் அடியில் என்பதுதான் அங்கே திரும்பத் திரும்பக் கிடைக்கும் வரிசை. மொத்தமாக "அரசை நம்புகிறாயா" என்று கேட்டால் இந்த மேடு பள்ளம் எதுவும் தெரியாது.

நம்பிக்கைன்னா ஒரு தலைவரைப் பிடிச்சிருக்குன்னு அர்த்தமா?

இல்லை. டேவிட் ஈஸ்டன் என்ற அரசியல் அறிஞர் 1965இலேயே இதைப் பிரித்துக் காட்டினார். இன்றைய ஆட்சி செய்யும் காரியங்களுக்கான ஆதரவு ஒன்று. ஆட்சி மாறினாலும் அந்த அமைப்பின் மீது நிற்கும் பற்று வேறு. நான் வகுப்பில் சோதித்துப் பார்க்கும் வழி சுலபமானது. உனக்குச் சுத்தமாகப் பிடிக்காத கட்சி ஆட்சியில் இருக்கும்போது, அதே அலுவலகத்திலிருந்து "நாளை முதல் கடைகள் மூடல்" என்று சுற்றறிக்கை வந்தால் அதை உண்மை என்று எடுத்துக்கொள்வாயா? எடுத்துக்கொள்வாய் என்றால் அந்த அலுவலகத்தின் மேல் உனக்கு நம்பிக்கை இருக்கிறது.

டெல்லியில "அரசாங்கத்த நம்பறியா"ன்னு கேட்டா எந்த அரசாங்கத்தச் சொல்றது?

இதைக் கேட்கும் பிள்ளைகளுக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். எய்ம்ஸ், சஃப்தர்ஜங், ராம் மனோகர் லோகியா மருத்துவமனைகள் மத்திய அரசுடையவை. எல்என்ஜேபி, ஜிடிபி மருத்துவமனைகள் டெல்லி அரசுடையவை. ஹிந்து ராவ் மாநகராட்சியுடையது. அங்கே வேலை பார்த்த டாக்டர்கள் 2020 அக்டோபரில் சம்பளம் வரவில்லை என்று போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஊரடங்கில் உங்களை மறித்த போலீஸ் மத்திய உள்துறையின் கீழ் இருப்பது. முதல்வர் ஒன்று சொல்ல, மத்திய அரசின் சார்பில் இருக்கும் துணைநிலை ஆளுநருக்கு அதை மாற்ற அதிகாரம் உண்டு. அன்று டெல்லி அரசு ஆம் ஆத்மி கையில், மத்திய அரசும் மாநகராட்சிகளும் பாஜக கையில்.

இரண்டாம் அலையின் உச்சத்தைப் பாருங்கள். 2021 ஏப்ரல் 20 அன்று டெல்லியில் ஒரே நாளில் 28,000க்கு மேல் புதிய தொற்றுகள். 23ஆம் தேதி இரவு ஜெய்ப்பூர் கோல்டன் மருத்துவமனையில் ஆக்சிஜன் தட்டுப்பட்டு இருபது நோயாளிகள் இறந்ததாக மருத்துவமனை சொன்னது. அடுத்த சில நாள்களில், ஏப்ரல் 27 அன்று, டெல்லி ஆட்சிமுறைத் திருத்தச் சட்டம் அமலுக்கு வந்தது. டெல்லி சட்டமன்றம் இயற்றும் சட்டங்களில் "அரசு" என்று வந்தால் அது துணைநிலை ஆளுநரைக் குறிக்கும் என்கிறது அந்தச் சட்டம். யாரைத் திட்டுவது என்றுகூட மாணவனுக்குத் தெரியாத நிலை. ஆக்சிஜன் ஒதுக்குவது மத்திய அரசு, படுக்கை தருவது டெல்லி அரசு, லாரி வரும் வழி ஹரியானா, உத்தரப் பிரதேசம். நால்வரும் மற்றவரைக் காட்டினார்கள்.

என் அனுபவத்தில், டெல்லி மாணவர்களின் நம்பிக்கை எந்த ஒரு அரசின் தவறாலும் உடைந்ததைவிட, "அது எங்க பொறுப்பு இல்ல" என்ற பதிலால் உடைந்ததுதான் அதிகம்.

வெளியூர்க்காரங்களுக்கு டெல்லி ஆஸ்பத்திரியில இடம் இல்லன்னு சொன்னாங்களாமே, நிஜமா?

நிஜம், ஆனால் ஒரு நாள்தான் நின்றது. 2020 ஜூன் 7 அன்று டெல்லி அரசு தன் மருத்துவமனைகளையும் தனியார் மருத்துவமனைகளையும் டெல்லிவாசிகளுக்கு என்று ஒதுக்கியது. மறுநாளே துணைநிலை ஆளுநர் அனில் பைஜால் அதை ரத்து செய்தார். இதில் வேடிக்கை, ஜிடிபி மருத்துவமனையில் இதே மாதிரி டெல்லிக்காரர்களுக்கு முன்னுரிமை கொடுத்த சுற்றறிக்கையை 2018லேயே டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லியிருந்தது.

அந்த ஒரு நாள் கூத்து யாரை உலுக்கியது? கட்வாரியா சராயிலோ விஜய் நகரிலோ வாடகை ஒப்பந்தமே இல்லாமல் பிஜி என்ற தனியார் விடுதி அறைகளில் இருந்த பிள்ளைகளை. ஆதாரில் தென்காசி முகவரி, வாடகையைக் கையில் வாங்கும் உரிமையாளர், காலேஜ் ஐடி மட்டும் டெல்லி. காய்ச்சல் வந்தால் எந்தக் காகிதத்தைக் காட்டுவது என்ற பயம் அப்போது பிடித்தது. உத்தரவு போனபிறகும் பயம் போகவில்லை. இன்றைக்கும் பல மாணவர்கள் "நமக்கு அங்க இடம் இல்லன்னாங்க" என்றுதான் சொல்கிறார்கள், ரத்தானதைச் சொன்னால் "அப்படியா?" என்கிறார்கள்.

அடுத்த வாரமே இன்னொன்று. ஜூன் 19 அன்று, தொற்று வந்த எல்லாரும் ஐந்து நாள் அரசு முகாமில் இருக்க வேண்டும், வீட்டுத் தனிமை கிடையாது என்று துணைநிலை ஆளுநர் உத்தரவு போட்டார். 20ஆம் தேதி மாலையே அது திரும்பப் பெறப்பட்டது.

அப்போ நம்ம ஊர் அரசு பரவாயில்லையா அக்கா?

தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு ஒரு பதில், டெல்லியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வேறு பதில். 2020 மே 12 முதல் டெல்லியிலிருந்து 15 நகரங்களுக்குச் சிறப்பு ரயில் என்று அறிவிப்பு வந்தது. சென்னையும் அதில் இருந்தது. ரயில் கிளம்புவதற்கு முதல்நாள்தான், மே 31 வரை தமிழ்நாட்டுக்கு ரயில், விமானம் விட வேண்டாம் என்று முதல்வர் எடப்பாடி பழனிசாமி பிரதமரிடம் கேட்டுக்கொண்டார். தொற்று பரவும் என்ற காரணம் நியாயமானதே. ஆனால் ஹாஸ்டல் மெஸ் மூடி, பிரெட்டும் மேகியுமாக இருந்த பிள்ளைக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? "சொந்த ஊரே கதவைச் சாத்திடுச்சு" என்றுதான்.

அதே அரசு ஆகஸ்டில், கட்டணம் கட்டிய அரியர் மாணவர்கள் தேர்வில்லாமலே தேர்ச்சி என்று அறிவித்தபோது தமிழ்நாட்டுச் சுவர்களில் முதல்வருக்கு நன்றி சொல்லிப் போஸ்டர் ஒட்டினார்கள் மாணவர்கள். பிறகு அது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கானது தனிக்கதை. அந்தப் போஸ்டர்களை நம்பிக்கை என்று எண்ணிவிடாதீர்கள். முன்னே சொன்ன ஈஸ்டன் பாகுபாட்டில் அது முதல் வகை: கையில் கிடைத்ததற்கான நன்றி.

2020ல எல்லாரும் கை தட்டினாங்க, விளக்கு ஏத்தினாங்க. அப்போ முழு நம்பிக்கை இருந்துச்சுதானே?

மார்ச் 22 கைதட்டலும் ஏப்ரல் 5 இரவு 9 மணி விளக்கும் நடந்த சமயத்தில் நம்பிக்கை உண்மையாகவே மேலே இருந்தது. ஆபத்து வரும்போது மக்கள் ஆட்சியைச் சுற்றித் திரள்வதை ஜான் முல்லர் 1970இல் அமெரிக்க அதிபர்களை வைத்து விளக்கினார். போர்க்காலத்துக்குச் சொன்னது கொள்ளைநோய்க்கும் பல நாடுகளில் பொருந்தியது. இது சீக்கிரம் கரையும் என்பதும் அந்த விளக்கத்திலேயே உண்டு. மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவித்து நள்ளிரவில் ஊரடங்கு. 28ஆம் தேதி ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் ஊர் திரும்பக் குவிந்த தொழிலாளர் கூட்டம். கிழக்கு டெல்லியில் குடியிருந்த மாணவர்கள் சிலர் அதை மாடியிலிருந்து பார்த்தார்கள். அவர்களுக்கு மட்டும் கொஞ்சம் முன்னதாகவே கரைந்தது.

நம்பிக்கையே இல்லாதவன் ஏன் வரிசையில நின்னு ஊசி போட்டுக்கிட்டான்?

நம்புவதும் கீழ்ப்படிவதும் ஒன்றில்லை. இந்தப் பக்கத்திலேயே எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி இது, ஏனென்றால் பல ப்ராஜெக்ட்கள் இங்கேதான் சறுக்குகின்றன. "மாஸ்க் போட்டார்கள், ஊசி போட்டார்கள், ஆகவே நம்பினார்கள்" என்று எழுதிவிடுகிறார்கள்.

18 முதல் 44 வயதினருக்கு 2021 மே 1 முதல் தடுப்பூசி திறந்தது. ஊசிக்கு முன்பதிவு செய்யும் கோவின் தளத்தில் டெல்லி இடங்கள் கண் இமைப்பதற்குள் தீர்ந்தன. அதனால் டெல்லிக்காரர்கள் மீரட், புலந்த்ஷகர் வரை கார் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களைக் கேட்டால் காரணங்கள் இப்படி வரும்: வீட்டில் அம்மாவுக்குச் சர்க்கரை, ஹாஸ்டலில் சான்றிதழ் கேட்கிறார்கள், விமானத்தில் ஏற வேண்டும், அக்கா நர்ஸ், அவள் சொன்னாள். வெளிநாட்டில் சேர இடம் கிடைத்த மாணவர்களுக்கு 84 நாள் காத்திராமல் 28 நாளிலேயே கோவிஷீல்டு இரண்டாம் டோஸ் என்று ஜூன் 2021இல் விதி தளர்ந்தது. அவர்கள் ஓடியது விசாவுக்காக. இதில் எங்கே அரசு மீதான நம்பிக்கை? சிலருக்கு இருக்கலாம். ஊசி போட்டதை வைத்து அதை எண்ண முடியாது.

தலைகீழாகவும் நடந்தது. தங்கள் தலைவரைக் கண்ணை மூடி நம்பியவர்கள், தலைவரே கூட்டம் போடுகிறார், இனி என்ன பயம் என்று மாஸ்க்கைக் கழற்றினார்கள். 2021 மார்ச், ஏப்ரலில் ஐந்து சட்டமன்றங்களுக்குத் தேர்தல் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடும் அதில் ஒன்று. நம்பிக்கை கூடினால் நோய் விதிகளை மதிப்பார்கள் என்ற சூத்திரம் இங்கே உடைகிறது.

ஒரு நாள் ஒண்ணு, மறுநாள் வேற. மாத்தி மாத்திப் பேசினா யாருக்கு நம்பிக்கை வரும்?

மாற்றத்தில் இரண்டு வகை உண்டு. கொரோனாவிலிருந்து குணமானவரின் ரத்தத்தின் நீர்ப்பகுதியை நோயாளிக்கு ஏற்றும் பிளாஸ்மா சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூலையில் டெல்லி ஐஎல்பிஎஸ் மருத்துவமனையில் நாட்டின் முதல் பிளாஸ்மா வங்கி திறந்தது. குணமான மாணவர்கள் பெருமையாகப் போய்க் கொடுத்தார்கள். ஐசிஎம்ஆர் நடத்திய சோதனையில் பெரிய பலன் இல்லை என்று அந்த அக்டோபரில் முடிவு வெளியானது. 2021 மே 17 அன்று சிகிச்சை நெறிமுறையிலிருந்து பிளாஸ்மாவை எடுத்துவிட்டார்கள். புதிய சான்று வந்ததும் மாற்றுவதில் தவறே இல்லை. இங்கே கேட்க வேண்டியது, முடிவு வந்தபிறகும் ஏழு மாதம் ஏன் என்பது. இரண்டாம் அலையில் பிளாஸ்மா கேட்டு இரவெல்லாம் போன் அடித்தது அந்த ஏழு மாதத்துக்குள்தான்.

கோவிஷீல்டு டோஸ் இடைவெளியும் அப்படித்தான்: முதலில் 4–6 வாரம், மார்ச்சில் 6–8, மே 13 அன்று 12–16. இடைவெளி கூடினால் எதிர்ப்புச் சக்தி கூடும் என்பதற்கு வெளிநாட்டுத் தரவு இருந்தது. ஆனால் ஊசி தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த வாரத்தில் அதை அறிவித்ததால், "இல்லாததால் தள்ளிவைக்கிறார்கள்" என்று வேதியியல் படிக்கும் பிள்ளைகூடச் சொன்னது. ஏன் மாற்றினோம் என்று ஆதாரத்தோடு, பொறுமையாக, அன்றே விளக்கியிருந்தால் பாதிச் சந்தேகம் அடங்கியிருக்கும். ஜூன் 2020இல் ஒரே நாளில் ரத்தான உத்தரவுகளை இதனோடு சேர்க்காதீர்கள். அங்கே புதிய சான்று எதுவும் வரவில்லை. அதிகாரச் சண்டை மட்டும்தான்.

யுனிவர்சிட்டி அரசியல் நிறுவனமா? எங்களுக்குக் கோவமே அது மேலதான்.

பாடப்புத்தகப்படி இல்லை. மாணவனின் கண்ணுக்கு, ஆமாம். பதினெட்டு வயதில் அரசு என்பது உன்னிடம் நேரடியாகப் பேசுவது வைஸ் சான்சலர் அலுவலகச் சுற்றறிக்கை வழியாகத்தான். யுஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழு 2020 ஜூலை 6 அன்று, இறுதியாண்டுத் தேர்வை செப்டம்பருக்குள் கட்டாயம் நடத்தச் சொன்னது. மகாராஷ்டிரா, டெல்லி போன்ற மாநிலங்கள் வேண்டாம் என்றன. ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், தேர்வில்லாமல் பட்டம் தர மாநிலங்களுக்கு அதிகாரம் இல்லை, தேதியைத் தள்ளிவைக்கக் கேட்கலாம் என்றது. மத்திய, மாநில இழுபறி இதிலும்.

டெல்லிப் பல்கலைக்கழகம் புத்தகம் பார்த்து எழுதும் இணையவழித் தேர்வை இரண்டு மூன்று முறை தள்ளிவைத்து 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கியது. அப்போது விருதுநகர் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்த என் மாணவி எழுதியதைச் சொல்கிறேன். வீட்டுக்குள் சிக்னல் இல்லை. விடையை எழுதி முடித்து, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குடையை விரித்து, அதன் நிழலில் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்தாள். வெயில் நேராக விழுந்தால் எழுத்து வெளுக்கும். தம்பி ஃபோனை ஹாட்ஸ்பாட்டாகப் பிடித்து நின்றான். ஏறாவிட்டால் மின்னஞ்சலில் அனுப்பலாம் என்றிருந்ததால் அதையும் செய்தாள். மார்க் வரும்வரை எது போய்ச் சேர்ந்தது என்று அவளுக்குத் தெரியாது. "யாராவது 'வந்துடுச்சு'ன்னு ஒரு வரி போட்டிருந்தா போதும்" என்றாள். நேரடி வகுப்புகள் திரும்பியது 2022 பிப்ரவரி 17 அன்று. டெல்லியில் மால், உணவகம், சினிமா தியேட்டர் எல்லாம் அதற்கு முன்பே திறந்தாகிவிட்டன.

கோர்ட்ட மட்டும்தான் நம்பலாம்னு என் ரூம்மேட் சொல்றான். சரியா?

பாதி சரி. 2021 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், சமூக ஊடகத்தில் உதவி கேட்பவர்கள் மீது நடவடிக்கை எடுத்தால் நீதிமன்ற அவமதிப்பாக எடுத்துக்கொள்வோம் என்றது. டெல்லிக்கு நாளொன்றுக்கு 700 டன் ஆக்சிஜன் தரச் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றமும் விடுமுறை நாள்களில்கூட உட்கார்ந்து விசாரித்தது. அப்போது டெல்லியில் இருந்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

ஆனால் அதே உச்ச நீதிமன்றம்தான், 2020 மார்ச் 31 அன்று, ஊருக்கு நடந்தே கிளம்பிய தொழிலாளர்களில் சாலையில் இப்போது யாருமே நடக்கவில்லை என்று அரசு வழக்கறிஞர் சொன்னதைப் பதிந்துகொண்டது. தானாக முன்வந்து அந்த விஷயத்தை எடுத்தது மே 26 அன்று. பழைய ராஜீந்தர் நகரில் தங்கி ஐஏஎஸ்ஸுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள்: கொரோனாவில் கடைசி வாய்ப்பை இழந்தவர்கள் இன்னொரு வாய்ப்பு கேட்ட மனு 2021 பிப்ரவரி 24 அன்று தள்ளுபடியானது. அவர்களுடைய ரூம்மேட் வேறு பதில் சொல்வான்.

ஆக்சிஜன் தேடி அலைஞ்சது எங்க சீனியர்ஸ்தான். அதனால அரசு மேல இருந்த நம்பிக்கை போச்சா, வேற ஏதாவது ஆச்சா?

இரண்டும். 2021 ஏப்ரல் கடைசியில் மாணவர் குழுக்கள் வைத்திருந்த கூகுள் ஷீட்களில் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். சிலிண்டர் கொடுப்பவர் பெயர், எண், பகுதி, விலை, கடைசியாகப் பேசிய நேரம். பச்சை நிறம் இருந்தால் கிடைக்கும், மஞ்சள் என்றால் காத்திரு, சிவப்பு என்றால் ஏமாற்றுக்காரன், காசு அனுப்பாதே. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது ஒவ்வொரு எண்ணுக்கும் மறுபடி போன் போட்டு நிறத்தை மாற்றுவார்கள். தமிழ் மட்டும் தெரிந்த பெற்றோர் மதுரையிலிருந்து கூப்பிட்டால் பேச ஒரு பிள்ளை, இந்தியில் டீலரிடம் பேரம் பேச இன்னொரு பிள்ளை. அரசுச் செயலியில் காலி என்று காட்டிய படுக்கை, போன் செய்தால் இல்லை. காஜியாபாத் இந்திராபுரம் குருத்வாராவில் சாலையோரமாகவே ஆக்சிஜன் லங்கர் (இலவச ஆக்சிஜன் சேவை) நடந்தது. ரகாப் கஞ்ச் குருத்வாராவில் சிகிச்சை மையமே திறந்தார்கள்.

இந்த வேலை செய்தவர்களுக்கு ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை கூடியது. அரசு மீது மொத்தமாகப் போனது என்று நினைத்தேன். அவர்களிடம் பேசினால் அப்படி இல்லை. நள்ளிரவிலும் போனை எடுத்த ஒரு துணை ஆட்சியரைப் பற்றி, ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டுத் தந்த ஒரு கான்ஸ்டபிளைப் பற்றி இன்னும் சொல்கிறார்கள். கீழே இருந்தவர்கள் மேல் மரியாதை, மேலே இருந்தவர்கள் மேல் கசப்பு. அந்தக் கசப்பை உறுதியாக்கியது 2021 ஜூலை 20. ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பாக எதையும் தெரிவிக்கவில்லை என்று மத்திய அரசு அன்று மாநிலங்களவையில் பதில் சொன்னது. மாநிலங்கள் அப்படி அனுப்பவில்லை என்பது காகிதப்படி சரியாகவே இருக்கலாம். அந்த ஷீட்டில் சிவப்பும் பச்சையும் மாற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு அது போதுமா?

சாவுக் கணக்க நம்பலாமா?

2021 முடிவில் அரசுக் கணக்கு சுமார் 4.8 லட்சம். 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் வழக்கத்தைவிடக் கூடுதலாக நடந்த இறப்புகள் இந்தியாவில் சுமார் 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. கணித மாதிரி தவறு என்று இந்திய அரசு மறுத்தது. பிறகு 2025இல் வெளியான அரசின் சொந்தப் பதிவுக் கணக்கில், நாடு முழுதும் பதிவான இறப்புகள் 2019இல் சுமார் 76 லட்சம், 2020இல் 81 லட்சம், 2021இல் 1.02 கோடி. எல்லாமே கொரோனா இல்லை, பதிவு செய்யும் பழக்கமும் கூடிவந்தது. ஆனாலும் ஒரே ஆண்டில் இருபது லட்சம் ஏற்றத்தைச் சாதாரணமாக விட முடியாது.

டெல்லியில் இந்தச் சண்டை முதல் அலையிலேயே வந்துவிட்டது. 2020 ஜூனில் டெல்லி அரசு ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாகச் சொல்ல, சுடுகாடுகளையும் இடுகாடுகளையும் நடத்தும் மாநகராட்சிகள் இரண்டாயிரத்துக்கு மேல் என்றன. எதிரெதிர்க் கட்சிகள் என்பதால் இருவரையும் சந்தேகித்தார்கள் மாணவர்கள்.

மேடம், என் பையன் எதையுமே நம்பமாட்டேங்கறான். வயசுக் கோளாறா, கொரோனா பண்ணினதா?

பேரி ஐகன்கிரீன் உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் சுமார் 140 நாடுகளின் கருத்துக்கணிப்புகளை வைத்து 2020இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 18 முதல் 25 வயதுக்குள் கொள்ளைநோயை அனுபவித்தவர்களுக்கு அரசு, தேர்தல், தலைவர்கள் மீது நம்பிக்கை குறைந்திருந்தது. அந்தக் குறை பல ஆண்டுகள் நீடித்தது. கொரோனாவுக்கு முந்தைய நோய்களை வைத்துச் செய்த ஆய்வு அது. அரசு பலவீனமாக இருந்த இடங்களில் அடி பலமாக இருந்தது. அதே குழுவின் இன்னொரு ஆய்வில், அந்த வயதினருக்கு அறிவியல் மேல் நம்பிக்கை குறையவில்லை, அறிவியலாளர்கள் மேல்தான் குறைந்தது.

ஆக உங்கள் பையன் திமிர் பிடித்துப் பேசுகிறான் என்று முடிவு கட்டாதீர்கள் ஐயா. சண்டை போடுவதற்கு முன், அந்த இரண்டு வருடம் அவன் எங்கே இருந்தான், யார் போனை எடுக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள்.

நம்பிக்கை குறைஞ்சா நல்லதுதானே? கேள்வி கேக்கற குடிமக்கள்தானே வேணும்?

சந்தேகப்படுபவனும் கைகழுவியவனும் படிவத்தில் ஒரே கட்டத்தில் டிக் அடிப்பார்கள், அதனால்தான் இந்தக் குழப்பம். தொற்றுத் தொடர்பைக் கண்காணிக்க அரசு கொண்டுவந்த ஆரோக்கிய சேது செயலியை யார் உருவாக்கியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒருவர் கேட்டார். தகவல் இல்லை என்று பதில் வந்ததும் விடாமல் மேலே புகார் கொடுத்தார். 2020 அக்டோபரில் மத்தியத் தகவல் ஆணையம் அதிகாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. மனு போட்டவர் அரசை நம்பவில்லை. ஆனால் கேட்டால் பதில் சொல்ல வேண்டிய ஓர் அமைப்பு இருக்கிறது என்று நம்பினார். பத்து ரூபாய் கட்டி மனு போடுகிறவனுக்கும் "எல்லாரும் திருடனுங்க" என்று ரீல்ஸ் பார்த்துத் தூங்கப் போகிறவனுக்கும் உள்ள தூரம் பெரியது. என் வகுப்பில் இரண்டாவது வகை கூடிவருகிறது என்பதுதான் எனக்குக் கவலை.

எங்க ஓட்டு ஊர்ல இருக்கு. நாங்க டெல்லி அரசை நம்பினா என்ன, நம்பலன்னா என்ன?

படிக்கும் ஊரில் வாக்காளராகப் பதிவு செய்யலாம். படிவம் 6, கூடவே ஹாஸ்டலில் தங்கியிருப்பதற்குக் கல்லூரி முதல்வரின் சான்று. ஒரே இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும். பெரும்பாலோர் செய்வதில்லை, வாக்கை ஊரிலேயே வைத்துக்கொள்கிறார்கள், நானும் அதைக் குறைசொல்ல மாட்டேன். விளைவு என்னவோ உண்மை: கோபம் ஓர் அரசின் மேல், வாக்கு வேறு ஓர் அரசுக்கு.

இப்ப ஃபர்ஸ்ட் இயர் பசங்க அப்போ ஏழாவது, எட்டாவது. அவங்களக் கேட்டு என்ன பிரயோஜனம்?

அரசுகளைப் பற்றி அதிகம் கிடைக்காது. வீட்டில் ஒரே ஃபோனுக்கு அண்ணன் தங்கை சண்டை, கல்வித் தொலைக்காட்சி, ஆல் பாஸ் என்று வரும். அதற்கு மேல் சொல்வது பெரும்பாலும் பெற்றோர் பேசிக் கேட்டது. கேளுங்கள், ஆனால் அன்று கல்லூரியில் இருந்தவர்களோடு சேர்த்துச் சராசரி போடாதீர்கள்.

ஒரு ஆய்வு நம்பிக்கை கூடிச்சுங்குது, இன்னொண்ணு குறைஞ்சுதுங்குது. ப்ராஜெக்ட்ல எதை எழுதறது?

முதலில் எந்தத் தேதியில் கேட்டார்கள் என்று பாருங்கள். 2020 ஏப்ரலில் எடுத்ததும் 2021 மே மாதம் எடுத்ததும் ஒத்துப்போனால்தான் ஆச்சரியம். அடுத்து யாரைக் கேட்டார்கள்: ஊரடங்கில் நடந்த கணிப்புகள் பல, கூகுள் ஃபார்ம் லிங்க்கை நண்பர்களுக்கு அனுப்பிப் பெற்றவை. நல்ல நெட் இருந்தவர்களும் எதையாவது சொல்லத் துடித்தவர்களும்தான் அதில் விழுந்தார்கள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் குடை பிடித்து நின்றவள் அதை நிரப்பியிருக்க மாட்டாள்.

உங்கள் படிவத்தில் "ஓரளவு நம்புகிறேன்" என்ற கட்டம் இருந்தால் ஜாக்கிரதை. முனீர்க்காவில் ஒரு பையன் பன்னிரண்டு நிறுவனங்களுக்கும் வரிசையாக "ஓரளவு" என்று டிக் அடித்துப் பேனாவை மூடினான். மூடிய பிறகு அரை மணி நேரம், பெரியப்பாவுக்கு இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்று மட்டும் எழுதிக் கொடுத்ததைப் பேசினான். அதனால் டிக் அடிக்கும் கேள்விகளுக்குக் கீழே காலியாக நான்கு வரி விடுங்கள், "அந்தச் சமயத்தில் எந்த அலுவலகத்தோடு உங்களுக்கு நேரடியாக வேலை வந்தது, என்ன நடந்தது?" என்று கேளுங்கள். வீட்டில் இழப்பு நேர்ந்தவர்கள் அதை விட்டுவிட்டுப் போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெயரும் ஃபோன் எண்ணும் வாங்காதீர்கள். வாங்கினால் போலீஸ், உள்துறை பற்றிய கேள்விகளுக்கெல்லாம் "மிகவும் நம்புகிறேன்" என்றுதான் வரும்.